பாயிண்டில் எடுத்தால் மிச்சமா, பணத்தில் எடுத்தால் மிச்சமா? ஒரே பயணத்துக்கு நாலு விலை

ஜன்னலோரம்:
வணக்கம். நீண்ட தூரப் பயணம், போக வர எகானமி, ஒரே ஆள். கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாயிண்டு சேர்ந்திருக்கிறது. அதை விமான நிறுவனங்களின் மூன்று பாயிண்டு திட்டங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றி, அங்கே டிக்கெட் எடுக்க முடியும். அதே தேதிகளுக்கு மூன்றிலும் தேடிப் பார்த்தேன்:

பணம் கொடுத்து வாங்கினால் 780 டாலர்.
திட்டம் அ: 50,000 பாயிண்டு + 390 டாலர்.
திட்டம் ஆ: 64,000 பாயிண்டு + 70 டாலர்.
திட்டம் இ: 88,000 பாயிண்டு + 60 டாலர்.

பாயிண்டு குறைவாகப் போவது அ-வில்தான். ஆனால் "இலவச" டிக்கெட்டுக்கு 390 டாலர் கட்டுவது உறுத்துகிறது. எது உண்மையிலேயே மலிவு என்று எப்படிப் பார்ப்பது?

ரன்வே ரவுடி:
அ-வை எடுங்கள். பாயிண்டு எப்படியும் சும்மா வந்ததுதானே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பது?

கணக்குப்பிள்ளை:
தானமாக வந்தது இல்லை ரவுடி. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் போயிருக்கும், வேறு கார்டில் வந்திருக்க வேண்டிய கேஷ்பேக் போயிருக்கும். பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜன்னலோரம், முதலில் வழக்கமான கணக்கு. பண விலையிலிருந்து நீங்கள் கையிலிருந்து கட்டும் தொகையைக் கழித்து, செலவாகும் பாயிண்டால் வகுங்கள்.

அ: (780 − 390) ÷ 50,000 = பாயிண்டுக்கு 0.78 சென்ட்.
ஆ: (780 − 70) ÷ 64,000 = 1.11 சென்ட்.
இ: (780 − 60) ÷ 88,000 = 0.82 சென்ட்.

உங்கள் கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்த அ-தான் மூன்றிலும் மோசம். பாதி டிக்கெட்டைப் பணமாகக் கட்டிவிட்டு, மீதிப் பாதிக்கு 50,000 பாயிண்டைக் கொடுக்கிறீர்கள்.

மேகத்துக்குமேல்:
எகானமிக்குப் பாயிண்டு செலவழிப்பதே வீண். போன தடவை பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். பண விலை 4,200 டாலர். நான் கொடுத்தது 90,000 பாயிண்டு + 300 டாலர். கணக்குப்பிள்ளை சூத்திரத்திலேயே போட்டுப் பாருங்கள், 4.33 சென்ட் வருகிறது. உங்கள் 1.11 எங்கே, இது எங்கே!

கணக்குப்பிள்ளை:
அந்த 4,200 டாலரைக் கையிலிருந்து கொடுத்து எடுத்திருப்பீர்களா?

மேகத்துக்குமேல்:
இல்லைதான். ஆனால் விலை அதுதானே?

கணக்குப்பிள்ளை:
அது அவர்கள் ஒட்டி வைத்த விலை. பாயிண்டே இல்லையென்றால் என்ன செய்திருப்பீர்கள்? 780 டாலருக்கு எகானமி எடுத்திருப்பீர்கள். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவதற்கு மேலே எவ்வளவு தரத் தயார்? 500 என்று வைப்போம். அப்படியென்றால் அந்தச் சீட் உங்களுக்கு 1,280 டாலர் பெறும். (1,280 − 300) ÷ 90,000 = 1.09 சென்ட். ஜன்னலோரத்தின் எகானமிக்கும் உங்கள் பிசினஸுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

நன்றாகத் தூங்கிப் போனீர்கள் என்றால் சந்தோஷம். 4.33 சென்ட் சம்பாதித்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மேகத்துக்குமேல்:
படுக்கைக்கு 500 என்பது நீங்களே வைத்த எண். எனக்கு 1,000 பெறும். அப்போது 1.64 சென்ட்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், அதை நீங்கள்தான் வைக்க வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ட்ரான்சிட்வாசி:
இந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அ-வில் அந்த 390 டாலர் எதற்கு என்று யாருமே சொல்லவில்லையே. ஜன்னலோரம், "டாக்ஸ்" என்று காட்டும் தொகையை அழுத்தினால் விவரம் விரியும். அதில் இரண்டு ரகம் இருக்கும். ஒன்று, விமான நிலையமும் அரசாங்கமும் வாங்குவது. அதைப் பெரும்பாலும் எந்தத் திட்டத்தில் எடுத்தாலும் கட்டியாக வேண்டும். இன்னொன்று ஒய்.க்யூ. அல்லது ஒய்.ஆர். என்ற குறியீட்டோடு வரும், "கேரியர் சர்சார்ஜ்" என்பார்கள். முன்பு எரிபொருள் சர்சார்ஜ் என்று சொல்லி வாங்கியது. இது வரியே இல்லை, விமான நிறுவனத்தின் பைக்குப் போகும் காசு. வரியோடு வரியாக ஒரே வரிசையில் நிற்பதால் நமக்குத் தெரிவதில்லை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: ஒரே விமானம், ஒரே சீட்டாக இருந்தாலும், எந்தத் திட்டத்தின் பாயிண்டில் எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து இந்த சர்சார்ஜ் இருக்கும் அல்லது இருக்காது. லுஃப்தான்சா சீட்டை அவர்களின் மைல்ஸ் அண்ட் மோர் திட்டத்தில் எடுத்தால் சர்சார்ஜ் நன்றாகவே ஏறும். அதே சீட் யுனைடெட் மைலில் (மைல் என்பதும் விமான நிறுவனத்தின் பாயிண்டுதான்) கிடைத்தால் அது கிடையாது, வரி மட்டும்தான். ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டம் 2020 நவம்பரில் புதிய வடிவத்துக்கு மாறியபோது சர்சார்ஜ் வாங்குவதையே விட்டுவிட்டது. கூட்டாளி நிறுவன விமானம் என்றால் 39 கனடா டாலர் மட்டும் தனிக் கட்டணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளுக்கு 2017-இல் எரிபொருள் சர்சார்ஜை எடுத்துவிட்டது. அதே சமயத்தில் அதுவரை இணையத்தில் எடுத்தால் கொடுத்துவந்த தள்ளுபடியையும் எடுத்துவிட்டது, அது வேறு கதை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் சீட்டை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைலில் எடுத்தாலும் சர்சார்ஜ் தப்பாது, கூடவே வரும்.

எங்கிருந்து ஏறுகிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டனிலிருந்து கிளம்பினால் ஏர் பாசஞ்சர் டூட்டி என்று அரசாங்க வரி உண்டு. தூரத்துக்கும் வகுப்புக்கும் தகுந்தாற்போல் ஏறும். அங்கே போய் இறங்குவதற்குக் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறிப் போனாலும் கிடையாது. அதனால் போகும்போது பாயிண்டு, அங்கிருந்து திரும்பும்போது வேறு வழி என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் நிறைய.

ஜப்பான் நிறுவனங்கள் எரிபொருள் சர்சார்ஜை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, முன்கூட்டியே அறிவித்துவிடும். அதில் பறக்கும் தேதி கணக்கில்லை, டிக்கெட் போடும் தேதிதான் கணக்கு. கூடப்போகிறது என்று தெரிந்தால் மாதம் முடிவதற்குள் எடுத்துவிடலாம்.

ரன்வே ரவுடி:
அமெரிக்காவுக்குள் பாயிண்டில் ஒருவழி பறக்கும்போது வெறும் 5.60 டாலர்தான் கேட்கிறான். அதைப் பார்த்துப் பழகினவனுக்கு 390 என்றால் மயக்கம்தான் வரும்.

ஜன்னலோரம்:
விரித்துப் பார்த்தேன். அ-வில் 320 டாலர் சர்சார்ஜ், 70 டாலர்தான் வரி! ஆக ஆ-தானா? 1.11 சென்ட் என்றால் நல்ல மதிப்பா? இணையத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஊரார் சொல்லும் எண் வேண்டாம். உங்கள் கார்டு பாயிண்டை வேறு எதற்கு மாற்றலாம்? பணமாக, பில்லில் கழிவாக, வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் டிக்கெட்டாக மாற்ற முடியுமா? அதில் எது அதிகம் தருகிறதோ அதுதான் உங்கள் அடிவிலை.

ஜன்னலோரம்:
வங்கியின் தளத்தில் பாயிண்டுக்கு 1 சென்ட். பணமாக வாங்கினால் அதைவிடக் குறைவு.

கணக்குப்பிள்ளை:
சரி, அடிவிலை 1 சென்ட். இப்போது எல்லாவற்றையும் டாலரில் எழுதுங்கள்:

அ: 500 + 390 = 890.
ஆ: 640 + 70 = 710.
இ: 880 + 60 = 940.
பணம்: 780.

அ-வும் இ-யும் பணத்தைவிட அதிகம். அவற்றை எடுப்பதற்குப் பதில் வங்கித் தளத்தில் 78,000 பாயிண்டு கொடுத்து அதே 780 டாலர் டிக்கெட்டையே எடுத்துவிடலாம். ஆ மட்டும் தேறுகிறது.

அப்புறம் பலர் விட்டுவிடும் ஒன்று. பணம் கொடுத்துப் பறந்தால் மைல் சேரும். பாயிண்டு டிக்கெட்டில் பெரும்பாலும் சேராது. இந்த டிக்கெட்டுக்கு எவ்வளவு சேரும்?

ஜன்னலோரம்:
கார்டில் வருவதையும் சேர்த்தால் சுமார் 5,000.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஆ-வின் உண்மையான செலவு 64,000 இல்லை. கொடுப்பது 64,000, வராமல் போவது 5,000, ஆக மொத்தம் 69,000. 710 ÷ 69,000 = 1.03 சென்ட். பாயிண்டை 1 சென்ட்டுக்கு மதித்தால் ஆ கொஞ்சம் முந்துகிறது, 20 டாலர் மிச்சம். 1.1 என்று மதித்தால் பணம்தான் மலிவு. தராசு முள் நடுவில் நிற்கிறது.

சும்மாபார்ப்பவன்:
20 டாலருக்கா இத்தனை கணக்கு? 😄

கணக்குப்பிள்ளை:
அ-வை எடுத்திருந்தால் போக இருந்தது 160 டாலர். 890-க்கும் பண டிக்கெட்டின் 730-க்கும் உள்ள வித்தியாசம். 730 எப்படி என்றால் 780-இல் அந்த 5,000 மைலின் 50 டாலரைக் கழித்தது. அ-வை எடுத்தாலும் அந்த 5,000 மைல் வராது அல்லவா.

நாலுபேர்குடும்பம்:
ஒரு நிமிடம். 780 டாலர் டிக்கெட்டில் பெட்டி உண்டா? இப்போது பல நிறுவனங்களில் மலிவான எகானமியில் கைப்பை மட்டும்தான். சீட் தேர்வு செய்ய முடியாது, மாற்ற முடியாது, கேன்சல் செய்தால் பைசா வராது. பாயிண்டு டிக்கெட்டோ பல திட்டங்களில் சாதாரண எகானமியாக வரும், பெட்டியோடு. ஒரே மாதிரி டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள்.

ஜன்னலோரம்:
நல்லவேளை கேட்டீர்கள். 780-இல் பெட்டி இல்லை. பெட்டியோடு 860. ஆ-வில் ஒரு பெட்டி உண்டு.

கணக்குப்பிள்ளை:
இப்போது (860 − 70) ÷ 69,000 = 1.14 சென்ட். முள் ஆ பக்கம் சாய்ந்துவிட்டது. கேன்சல் விதியையும் பாருங்கள். ஆ-வில் கேன்சல் செய்தால் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு பாயிண்டைத் திருப்பிப் போடுவார்களா?

ஜன்னலோரம்:
ஆமாம், 50 டாலர் பிடிப்பார்கள். 860 டிக்கெட்டில் தேதி மாற்றலாம், ஆனால் பணம் திரும்பாது.

ட்ரான்சிட்வாசி:
பயணம் உறுதியில்லை என்றால் இதுவே பெரிய விஷயம். முழுப் பணமும் திரும்பும் டிக்கெட் இதைவிட எத்தனையோ அதிகம் இருக்கும். ஆனால் பாயிண்டு திரும்புவது உங்கள் கார்டுக்கு இல்லை, ஆ திட்டத்தின் கணக்குக்குத்தான். அங்கே காலாவதித் தேதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகத்துக்குமேல்:
இ ஏன் 88,000 கேட்கிறது என்று யோசித்தீர்களா? அங்கே அட்டவணையே இருக்காது. முன்பெல்லாம் இந்த மண்டலத்திலிருந்து அந்த மண்டலத்துக்கு இத்தனை மைல் என்று ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். டெல்டா 2015-இல் அதை எடுத்துவிட்டது, யுனைடெட் 2019-இல். அதற்குப் பிறகு பண விலை ஏறினால் பாயிண்டும் ஏறும். இந்த மாதிரித் திட்டங்களில் எவ்வளவு துழாவினாலும் பாயிண்டுக்கு ஏறக்குறைய அதே சென்ட்தான் வரும். 88,000-உம் 0.82-உம் அப்படி வந்தவைதான். இங்கே நல்ல விலை என்றால் அது பெரும்பாலும் தள்ளுபடி அறிவிக்கும் நாட்களில்தான். கூட்டாளி நிறுவனத்தின் சீட்டை எடுக்கும்போதுதான் பழைய அட்டவணையின் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ட்ரான்சிட்வாசி:
ஏவியோஸ் (சில விமான நிறுவனங்களுக்குப் பொதுவான பாயிண்டின் பெயர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் எல்லாம் இப்போது ஏவியோஸ்தான். கணக்குகளை இணைத்து இங்கிருந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே சீட்டுக்கு எல்லாத் தளங்களிலும் ஒரே விலை என்று நினைக்க வேண்டாம். ஏவியோஸும் வேறாக இருக்கலாம், கட்ட வேண்டிய பணமும் வேறாக இருக்கலாம். எடுப்பதற்கு முன் இரண்டு தளத்திலாவது தேடுங்கள்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஏவியோஸைக் குறைத்துப் பணத்தைக் கூட்டும் வரிசைகள் காட்டும். அதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளை மட்டும் எடுங்கள். கணக்குக்காக: 12,000 ஏவியோஸ் குறைகிறது, 90 டாலர் கூடுகிறது. 90 ÷ 12,000 = 0.75 சென்ட். அதாவது ஏவியோஸை உங்களுக்கு 0.75 சென்ட்டுக்கு விற்கிறார்கள். உங்கள் அடிவிலை அதைவிட அதிகமா? அப்படியென்றால் பணத்தைக் கட்டிவிட்டு ஏவியோஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒவ்வொரு வரிசையாக இறங்கி, எங்கே அந்த விலை உங்கள் அடிவிலையைத் தாண்டுகிறதோ அங்கே நில்லுங்கள்.

நாலுபேர்குடும்பம்:
குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் இரண்டு சொல்கிறேன். நாலு சீட் என்று தேடினால் மலிவு விலையில் மூன்றுதான் இருக்கிறது என்றால் நாலுக்குமே அதிக விலையைக் காட்டும், அல்லது சீட்டே இல்லை என்று சொல்லிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே தேடுங்கள். பணத்துக்கு எடுத்தாலும் இதே கதைதான். மூன்றைப் பாயிண்டிலும் ஒன்றைப் பணத்திலும் எடுத்தால் பதிவு எண் இரண்டாகும். நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டையும் இணைத்துக் குறிப்புப் போடச் சொல்லுங்கள். விமான நேரம் மாறினால் ஆளுக்கொரு பக்கம் போகாமல் இருக்க அது உதவும்.

கைக்குழந்தைக்குச் சில திட்டங்கள் பெரியவர் பாயிண்டில் 10 சதவீதம் கேட்கும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் அப்படித்தான். சில திட்டங்கள் பண விலையில் 10 சதவீதம் கேட்கும். எகானமியில் பரவாயில்லை. மேகத்துக்குமேல் சொன்ன 4,200 டாலர் சீட்டில் அது 420 டாலர், மடியில் உட்காரும் குழந்தைக்கு! பாயிண்டை மாற்றுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். பிரிட்டனிலிருந்து எகானமியில் கிளம்பும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மேலே சொன்ன அந்த டூட்டி கிடையாது, அதுவும் டிக்கெட்டில் சரியாக வந்திருக்கிறதா பாருங்கள்.

சும்மாபார்ப்பவன்:
ஒருவழிப் பயணத்துக்கு? பணத்தில் ஒருவழி 690 என்கிறான், போக வர 780!

கணக்குப்பிள்ளை:
பாயிண்டு நன்றாக வேலை செய்யும் இடம் அது. நீண்ட தூரத்தில் பணத்துக்கு ஒருவழி எடுத்தால் போக வர விலையை ஒட்டியே கேட்பார்கள். பாயிண்டில் பெரும்பாலும் பாதிதான். ஆ-வில் ஒருவழி 32,000 + 35 டாலர் என்றால் (690 − 35) ÷ 32,000 = 2.05 சென்ட். ஆனால் உண்மையிலேயே ஒருவழிதான் போகிறீர்கள் என்றால் மட்டும். திரும்பி வரவும் டிக்கெட் வேண்டும் என்றால் 690-ஐ வைத்துக் கணக்குப் போடக்கூடாது, 780-இல் பாதியைத்தான் வைக்க வேண்டும். இரண்டு ஒருவழிகளாக உடைத்து "ஒவ்வொன்றிலும் 2 சென்ட்" என்று பதிவு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேகத்துக்குமேல்:
என்னைச் சொல்லவில்லையே? 🙂

கணக்குப்பிள்ளை:
பொதுவாகச் சொன்னேன்.

ஜன்னலோரம்:
ஆ என்று முடிவு செய்துவிட்டேன். இப்போதே 64,000-ஐ மாற்றிவிடட்டுமா?

ட்ரான்சிட்வாசி:
பொறுங்கள். கார்டிலிருந்து போன பாயிண்டு திரும்பி வராது. தளம் சீட் இருப்பதாகக் காட்டும், பணம் கட்டும் கட்டத்தில் "கிடைக்கவில்லை" என்று சொல்லும். கூட்டாளி நிறுவனச் சீட்டுகளில் இந்தப் பேய்ச் சீட் தொல்லை சகஜம். ஆ-வின் தளத்தில் கணக்கைத் திறந்து, முன்பதிவின் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். முடிந்தால் அந்த விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் தளத்திலும் அதே தேதியில் பாயிண்டு சீட் தெரிகிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆ-வின் சேவை மையத்துக்குப் போன் செய்து கேளுங்கள்.

மாற்றம் உடனே நடக்குமா, இரண்டு மூன்று நாள் ஆகுமா என்பதும் முக்கியம். நாள் கணக்கில் ஆகும் என்றால் சீட் உங்களுக்காகக் காத்திருக்காது.

மேகத்துக்குமேல்:
மாற்றுவதற்கு போனஸ் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். 25 சதவீதம் என்றால் 51,200 போதும். ஆயிரம் ஆயிரமாகத்தான் மாற்ற முடியும் என்றால் 52,000.

ஜன்னலோரம்:
போனஸ் எதுவும் இல்லை. கடைசிப் பக்கம் வரை சீட் வருகிறது, போனிலும் உறுதி செய்தார்கள். மாற்றிய உடனே பாயிண்டு வந்துவிட்டது, டிக்கெட்டும் வந்துவிட்டது. 70 டாலர் கிளம்பும் நாட்டின் நாணயத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது, கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டு டாலர் சேர்ந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
72 ஆகிவிட்டதா? அப்படியும் 1.14-தான். நல்ல பயணம்.

சும்மாபார்ப்பவன்:
எனக்கு இன்னும் ஒன்று. சீட்டைப் பிடித்து வைத்துவிட்டு யோசிக்க வழி உண்டா?

ட்ரான்சிட்வாசி:
சில திட்டங்கள் போனில் கேட்டால் ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைக்கும், சிலது அதற்குக் கட்டணம் கேட்கும். அமெரிக்காவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற விமானம் என்றால் அந்நாட்டு விதி ஒன்று இருக்கிறது. நிறுவனத்திடம் நேரடியாக, புறப்படுவதற்கு ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக எடுத்திருந்தால், 24 மணி நேரம் விலையை நிறுத்தி வைக்க விட வேண்டும், அல்லது 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் கேன்சல் செய்ய விட வேண்டும். இரண்டில் எது என்பது நிறுவனத்தின் விருப்பம். பாயிண்டு டிக்கெட்டுக்கும் இதே சலுகை தருகிறார்களா என்று அவரவர் விதிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.